ஒரே நாடகம், பதினேழு டிக்கெட்

சென்ற மாதம் ஒரு வாசகர், வயதாக ஆக ஞாபகசக்தி குறைகிறதே, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். "லண்டனில் ஒரே நாடகத்தைப் பதினேழு முறை பார்த்து, ஒவ்வொரு முறையும் நோட்டுப் போட்டு எழுதியவள் நான், எனக்கே இன்னும் வசனம் முழுதாக வராது, கவலைப்படாதீர்கள்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். ஞாபகசக்தியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். வந்த கடிதங்கள் எல்லாம் நாடகத்தைப் பற்றித்தான். ஆசிரியர் இந்த மாதப் பக்கங்களை அதற்கே ஒதுக்கிவிட்டார். வேறு கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

*அது என்ன நாடகம் அம்மா? பதினேழு முறை பார்க்கும்படி அதில் என்ன இருக்கிறது?*
— வாசகி, கும்பகோணம்

'பில்லி எலியட்' என்ற இசை நாடகம். 2000-இல் அதே பெயரில் வந்த படத்துக்குத் திரைக்கதை எழுதிய லீ ஹால்தான் நாடகத்தையும் அதன் பாடல்களையும் எழுதினார். படத்தை இயக்கிய ஸ்டீபன் டால்ட்ரியே இதையும் இயக்கினார். இசை எல்டன் ஜான். கான் திரைப்பட விழாவில் அந்தப் படத்தைப் பார்த்து அழுதவர் அவர். இதை மேடையில் பாட்டோடு செய்யலாம் என்ற யோசனையும் அவருடையதுதான். லண்டன் விக்டோரியா பேலஸ் அரங்கில் 2005 மே மாதம் தொடங்கி 2016 ஏப்ரலில் முடிந்தது.

கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். வடகிழக்கு இங்கிலாந்தில் ஈசிங்டன் என்ற சுரங்க ஊர். 1984. அப்பாவும் அண்ணனும் வேலைநிறுத்தத்தில் இருக்கிறார்கள், அம்மா இல்லை. குத்துச்சண்டை கற்றுக்கொள்ள அனுப்பிய 11 வயதுப் பையன், அதே கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு நடக்கும் பாலே வகுப்பில் மாட்டிக்கொள்கிறான். மாட்டிக்கொண்டவன் வெளியே வருவதில்லை.

நான் போனதும் மாட்டிக்கொண்ட கதைதான். விக்டோரியா ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். 2005 நவம்பரில் ஒரு வியாழன். உடன் வேலை செய்த பெண்ணின் குழந்தைக்குக் காய்ச்சல். வாங்கிய டிக்கெட் வீணாகப் போகிறது என்று என் கையில் திணித்தாள். பாலே என்றால் வெள்ளைப் பாவாடை கட்டிய பெண்கள் கால் நுனியில் நடப்பது என்ற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். வெளியே மழை. சரி, மழை விடும் வரை உட்கார்ந்திருக்கலாம் என்று போனேன்.

பேசியது பாதிக்கு மேல் புரியவில்லை. சென்னையிலேயே வளர்ந்த ஒருவரை நாகர்கோவில் கல்யாண வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்தது போல இருந்தது. ஆனால் முதல் பாதி முடியும் இடம் ஒன்று உண்டு. ஆடக்கூடாது என்று அப்பா தடுத்துவிடுகிறார். பையன் கத்துகிறான். கத்தல் காலுக்கு இறங்குகிறது. எதிரே கலவரத் தடுப்புக் கேடயங்களோடு போலீஸ்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அந்தக் கேடயங்களின் மேல் போய்ப் போய் மோதுகிறான். மோதல்தான் ஆட்டம். விளக்குப் போட்டபோது என் மடியில் இருந்த குடை எங்கோ உருண்டு போயிருந்தது. மழை எப்போதோ விட்டிருந்தது. நான் கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில் குடியிருந்தேன். டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் போய்ச் சேரும் வரை என் கால்கள் சும்மா இருக்கவில்லை என்று எதிரே உட்கார்ந்திருந்தவரின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

*ஒவ்வொரு முறையும் அதே பையனா நடித்தான்? படிப்பு என்ன ஆகும்? சிறுவர்களையே நடிக்க வைத்த நம் பாய்ஸ் கம்பெனி நாடகங்கள் நினைவுக்கு வருகின்றன.*
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

அதே பையன் அல்ல ஐயா. அதனால்தான் நான் திரும்பத் திரும்பப் போனேன்.

வாரத்துக்கு எட்டுக் காட்சி. மூன்று மணி நேர நாடகத்தில் பையன் மேடையை விட்டு இறங்குவதே அபூர்வம். பாலே ஆட வேண்டும், காலணியால் தரையைத் தட்டித் தாளம் போடும் டாப் ஆட வேண்டும், கரணம் போட வேண்டும், பாட வேண்டும், அழவும் வேண்டும். ஓர் உடம்பு இதை எட்டு முறை தாங்காது. ஆகவே ஒரே சமயத்தில் மூன்று நான்கு பில்லிகள் முறை வைத்து ஆடுவார்கள். தோழன் மைக்கேலும், பாலே வகுப்புச் சிறுமிகளும் அப்படியே. இங்கிலாந்தில் பிள்ளைகள் மேடையேற உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். மேடைக்குப் பின்னால் பதிவு பெற்ற காப்பாளர் கூடவே இருக்க வேண்டும். ஒரு காப்பாளர் 12 பிள்ளைகளுக்கு மேல் பார்த்துக்கொள்ளக் கூடாது. பாடம் தடைப்படக் கூடாது. இத்தனையும் சட்டம்.

தாங்கள் சொன்ன பாய்ஸ் கம்பெனிகளில் இது எதுவும் இல்லை. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்கு எம்.ஜி.ஆர். போனது வீட்டில் சோற்றுக்கு வழியில்லாமல். ஆனால் ஒரு விஷயம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: மகரக்கட்டு. குரல் உடைந்த நாளோடு பிள்ளை வேடம் முடிந்தது. பில்லிக்கும் அதே விதி. குரல் உடைந்தாலும் போக வேண்டும், உயரம் கூடினாலும் போக வேண்டும். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து ஒரு வேடத்துக்கு வருகிறவன், அதில் தேறித் தேறி, மிக நன்றாகச் செய்கிற காலத்தில் அதற்குப் பெரியவனாகிவிடுகிறான். மார்ச்சில் பார்த்தவனை அக்டோபரில் பார்த்தால் சட்டைக் கைக்கு வெளியே மணிக்கட்டு நீண்டிருக்கும். அடுத்த முறை அவன் இருக்கமாட்டான் என்று அப்போதே தெரிந்துவிடும்.

*ஒரே நாடகத்தைப் பற்றி நோட்டுப் போட்டு எழுதினேன் என்கிறீர்களே, அதில் பதினேழு முறையும் என்ன எழுதுவது?*
— வாசகர், கோயம்புத்தூர்

கணக்கெழுதுகிறவளுக்குக் கோடு போட்ட நோட்டைக் கண்டால் கை சும்மா இருக்காது. தேதி, இருக்கை, பையன், அப்பா, புதிதாகக் கண்டது என்று ஐந்து பத்திகள் போட்டிருந்தேன். ஐந்தாவதுதான் முக்கியம். 'புதிதாக எதுவும் இல்லை' என்று எழுத நேர்ந்தால் அதோடு நிறுத்திவிடுவது என்று எனக்குள் ஒப்பந்தம்.

சில பதிவுகளைத் தருகிறேன்.

நான்காம் முறை: "வேலைநிறுத்தக்காரர், போலீஸ், பாலே வகுப்பு மூன்றும் ஒரே பாட்டில் கலக்கும் இடம். போலீஸ்காரரின் தொப்பி சிறுமியின் தலையிலும், சுரங்கத் தொப்பி போலீஸ்காரரின் தலையிலும் எப்போது மாறியது? மூன்று முறை கவனித்தும் பிடிபடவில்லை."

ஆறாம் முறை: "பில்லி தன் பெரிய வயதோடு தானே சேர்ந்து ஆடும் கனவு. சாய்க்கோவ்ஸ்கியின் பாலே இசை. கம்பியில் மேலே போகிறான். நான் உட்கார்ந்திருந்தது உச்சி மாடத்தில். மற்ற ரசிகர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். எனக்கு அவன் நேருக்கு நேர் வந்தான். மலிவான டிக்கெட்டின் லாபம்."

ஒன்பதாம் முறை: "தேர்வுக் காட்சி. 9."

அந்த 9 என்னவென்று சொல்ல வேண்டும். ராயல் பாலே பள்ளியின் தேர்வு. எல்லாம் சொதப்பிவிட்டது. பையன் கிளம்பிக் கதவு வரை போய்விட்டான். அப்போது தேர்வாளர்களில் ஒருவர், ஆடும்போது உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்கிறார். அவன் நிற்கிறான். பதில் பாட்டாக வர வேண்டும். கேள்விக்கும் முதல் சொல்லுக்கும் நடுவே அவன் எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறான் என்பது பையனுக்குப் பையன் மாறும். நான் மனத்துக்குள் எண்ணுவேன். ஒருவன் மூன்று எண்ணுவதற்குள் தொடங்கிவிட்டான். கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவன் போல. இன்னொருவன் ஐந்தில், தரையைப் பார்த்துக்கொண்டு. ஒன்பதாம் முறை வந்தவன் ஒன்பது எண்ணும் வரை நின்றான். வசனம் மறந்துவிட்டதோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. மறக்கவில்லை. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்திருக்கிறான். அன்று அரங்கில் ஒருவர்கூட இருமவில்லை.

அந்தப் பையனின் பெயர் என் நோட்டில் இல்லை. அதற்குக் காரணம் நான்தான். முதலில் நுழைவுக்கூடத்துப் பலகையில் அன்றைக்கு ஆடும் பிள்ளைகளின் பெயரைப் பார்த்து எழுதிக்கொள்வேன். ஒப்பிடுவேன். 2008-இல் ஒரு நாள் இடைவேளையில், பக்கத்திலிருந்த பெண்மணியிடம், "போன முறை வந்த பையன் அளவுக்கு இவன் இல்லை" என்று தீர்ப்புச் சொன்னேன், கொஞ்சம் உரக்கவே. முன் வரிசையில் இருந்த ஒரு பாட்டி திரும்பினார். கோபமே இல்லை. "அவனுக்கு இது மூன்றாவது காட்சிதான்" என்றார். பேரன். கையிலிருந்த மிட்டாய்ப் பெட்டியை என்னிடம் நீட்டினார். ஒன்று எடுத்துக்கொண்டேன், அதை விழுங்கப் பட்டபாடு எனக்குத்தான் தெரியும்.

பெரிய நடிகரைப் பற்றி எழுதலாம். அவருக்குச் சம்பளம் வருகிறது, தோல் தடித்திருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை இன்னொரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு நிறுத்துப் பார்க்கிற ரசிகர்கள் அங்கே நிறையப் பேர். எவன் சுழற்சி எத்தனை, எவன் குரல் எங்கே நழுவியது என்று பட்டியலே வைத்திருப்பார்கள். நானும் அதில் ஒருத்தியாக இருந்தேன். அன்றோடு மூன்றாம் பத்தியில் பெயர் எழுதுவதை விட்டேன். அதற்குப் பிறகு 'பையன்' மட்டும்தான்.

*நான் நெய்வேலியில் 31 ஆண்டுகள் வேலை செய்தவன். தொழிற்சங்கத்திலும் இருந்தேன். வேலைநிறுத்தத்தை ஆட்டம் பாட்டத்துக்குப் பின்னணியாக்கினால் கேலிக்கூத்தாகாதா?*
— வாசகர், நெய்வேலி

இந்தக் கடிதத்துக்காகவே இந்தப் பக்கத்தை எழுத ஒப்புக்கொண்டேன்.

உங்கள் சுரங்கம் திறந்தவெளி. ஈசிங்டன் சுரங்கம் தரைக்குள் இறங்கி வடகடலுக்கு அடியில் போவது. அரசுடைமையான நிலக்கரி வாரியம் 20 சுரங்கங்களை மூடப்போவதாகச் சொன்னதும், 1984 மார்ச்சில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சங்கத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில், பிரதமர் மார்கரெட் தாட்சர். ஓராண்டு நீடித்து, 1985 மார்ச்சில் தொழிலாளர்கள் தோற்று வேலைக்குத் திரும்பினார்கள். ஈசிங்டன் சுரங்கமே 1993-இல் மூடப்பட்டது. இவ்வளவும் எனக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கவில்லை. நாடகம் பார்த்த பிறகு நூலகத்தில் தேடிப் படித்தது.

நாடகம் என்ன செய்தது என்றால், அப்பாவைக் கருங்காலியாக்கியது. பையனைத் தேர்வுக்கு அனுப்பப் பணம் வேண்டும். மாதக்கணக்கில் மறியல் செய்த மனிதர், மறியல் வரிசையைத் தாண்டி வேலைக்குப் போகத் துணிகிறார். மூத்த மகன், சங்கத்துக்காக அடி வாங்கியவன், எதிரே வந்து நிற்கிறான். சங்கத்தில் இருந்த உங்களுக்கு அந்த இடத்தை நான் விளக்க வேண்டியதில்லை. பிறகு ஊரே சில்லறை சேர்க்கிறது. அதுவும் போதவில்லை. உண்மையான கருங்காலி ஒருவன் வந்து கற்றையாக நோட்டை நீட்டுகிறான். அந்தப் பணத்தை வாங்கலாமா? மகன் கூடாது என்கிறான். வாங்கிக்கொள்கிறார்கள். நாடகம் அதற்கு நியாயம் கற்பிக்கவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. பத்தாம் முறையிலிருந்து நான் பையனைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு அப்பாவைப் பார்க்கத் தொடங்கியது இதனால்தான்.

முடிவில் தோற்றவர்கள் வரிசையாகச் சுரங்கத்துக்குள் இறங்குவார்கள். தலை விளக்குகள் எரியும். அரங்கம் இருட்டாக இருக்கும். விளக்கெல்லாம் நம் கண்ணில் அடிக்கும். ஆள் தெரியாது, ஒளி மட்டும் தாழ்ந்துகொண்டே போகும். பன்னிரண்டாம் முறை என் பக்கத்தில், ஈசிங்டன் இருக்கும் டர்ஹம் பகுதியிலிருந்து வந்த ஒரு முதியவர், மனைவியோடு. இந்த இடத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் முடிந்து மேலங்கி மாட்டும்போது, "நாங்கள் பேண்டு வாத்தியத்தோடு வேலைக்குத் திரும்பினோம்" என்று மட்டும் சொன்னார். மனைவி அவர் கையைப் பிடித்துப் படியிறக்கினார்.

இன்னொன்று. இரண்டாம் பாதி, ஊர்க்காரர்கள் கிறிஸ்துமஸ் விருந்தில் தாட்சரின் சாவு ஒரு நாள் நெருங்கிவிட்டது என்று கும்மாளமாகப் பாடுவதோடு தொடங்கும். 2013 ஏப்ரல் 8 அன்று தாட்சர் உண்மையிலேயே இறந்துவிட்டார். அன்று மாலை அந்தப் பாட்டைப் பாடலாமா என்று ரசிகர்களிடமே வாக்கெடுத்தார்கள். பெரும்பான்மை 'பாடுங்கள்' என்றது, பாடினார்கள். நான் அன்று வீட்டில் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தேன். இருந்திருந்தால் எதற்குக் கை தூக்கியிருப்பேன் என்று இன்னும் எனக்கு முடிவாகவில்லை. இறந்த வீட்டைப் பற்றி அன்றைக்கே பாடுவது நம் வழக்கமில்லை. ஆனால் அந்த முதியவரிடம் போய் நான் வழக்கம் பேசவும் முடியாது.

*மொத்தம் எவ்வளவு செலவாயிற்று? உங்கள் கணவர் ஒன்றும் சொல்லவில்லையா?*
— வாசகி, ஈரோடு

வாழ்க்கையில் நான் கூட்டிப் பார்க்காத ஒரே கணக்கு அது. கணவர் ஒரு முறை வந்தார். முதல் அரை மணியில் தூங்கிவிட்டார், கேடயச் சத்தத்தில் விழித்து, "சண்டையா?" என்றார். ஆமாம் என்றேன். அதன்பின் தூங்கவில்லை.

*பிள்ளைகளை அழைத்துப் போகலாமா? கெட்ட வார்த்தைகள் அதிகம் என்று கேள்விப்பட்டேன்.*
— வாசகி, சென்னை

உண்டு. பெரியவர்களும் பேசுவார்கள், பிள்ளைகளும் பேசுவார்கள். சுரங்க ஊர் அப்படித்தான் பேசும் என்பது அவர்கள் கட்சி. லண்டனில் நான் பார்த்த அந்த நாடகம் 2016-இலேயே முடிந்துவிட்டது. சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் கேம்பிரிட்ஜ் அரங்கில் 2011 முதல் ஓடும் 'மட்டில்டா'வுக்குப் போகலாம். அதிலும் பிள்ளைகள் முறை வைத்துத்தான் ஆடுகிறார்கள். முதலில் மட்டில்டா வேடம் போட்ட நான்கு சிறுமிகளுக்கும் சேர்த்து 2012-இல் லண்டன் நாடக உலகின் ஒலிவியே விருது கொடுத்தார்கள். நான் இரண்டு முறை பார்த்தேன். நன்றாக இருந்தது. மூன்றாம் முறை போகத் தோன்றவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

*நீங்கள் பார்த்ததிலேயே சிறந்த பில்லி யார்?*
— வாசகர், திருநெல்வேலி

மேலே பாட்டி கதையைப் படித்த பிறகும் என்னிடம் இதைக் கேட்கலாமா?

நடுவர்களே அதைச் சொல்லத் துணியவில்லை. 2006-இல் சிறந்த நடிகருக்கான ஒலிவியே விருதை முதல் மூன்று பில்லிகளுக்கும் பொதுவாகத்தான் கொடுத்தார்கள். நியூயார்க்கில் 2009-இல் டோனி விருதும் மூவருக்குப் பொது.

சிறந்தவர் என்று சொல்லாமல் ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த முதல் மூவரில் லியம் மோவர் என்ற பையனை 2006-இன் தொடக்கத்தில், என் இரண்டாம் முறையில் பார்த்தேன் (அப்போது பெயர் எழுதிக்கொண்டிருந்த காலம்). 2014 செப்டம்பர் 28 அன்று நாடகத்தை அப்படியே திரையரங்குகளுக்கு நேரடியாக ஒளிபரப்பினார்கள். வீட்டுக்குப் பக்கத்துத் திரையரங்கில் போய் உட்கார்ந்தேன். கனவுக் காட்சி வந்தது. அன்றைய பில்லியோடு, பெரிய வயதுப் பில்லியாக ஆடியவர் அதே லியம் மோவர். தொழில்முறை நடனக்காரராகிவிட்டார். எட்டாண்டுக்கு முன் கனவு கண்ட பையன், இப்போது இன்னொரு பையனின் கனவில் வந்து அவனைத் தூக்குகிறார். முடிவில் பழைய, புதிய பில்லிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் மேடையில் வந்து சேர்ந்து ஆடினார்கள். சிலருக்கு மீசை. நான் பார்த்தவர்கள் எவரெவர் என்று தேடினேன். ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை. இந்த ஒளிபரப்பைப் பதினேழில் சேர்க்கவில்லை.

*அந்த அரங்கம் இப்போது என்ன ஆயிற்று?*
— வாசகி, புதுச்சேரி

பெரிதாகப் புதுப்பித்து 2017 டிசம்பரில் 'ஹாமில்டன்' என்ற வேறு இசை நாடகத்தோடு திறந்துவிட்டார்கள். நான் அதற்கு முன்பே ஊர் திரும்பிவிட்டேன்.

கட்டடத்தின் கோபுர உச்சியில் பொன்முலாம் பூசிய நடனப் பெண் சிலை ஒன்று உண்டு. ரஷ்ய பாலே நங்கை அன்னா பாவ்லோவா. 1911-இல் அரங்கத்தைக் கட்டியவர் அவரைக் கௌரவிக்கச் சிலையை வைத்தார். பாவ்லோவாவோ அந்த வழியாக வண்டியில் போகும்போது தன் சிலையைப் பார்க்கக் கூடாது என்று திரையை இழுத்துவிட்டுக்கொள்வாராம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கழற்றிய சிலை காணாமல் போனது. 2006-இல் நகல் செய்து ஏற்றினார்கள். பாலே ஆடும் பையனின் கதை உள்ளே ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே அது நடந்தது எனக்கு ஏதோ கணக்கு நேரானது போல இருந்தது. 2016 ஏப்ரலில், கடைசி வாரத்தில், என் பதினேழாம் முறை. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். ஐந்தாம் பத்தியில் எழுதியது இது: "சிலைக்கு இடது கால்தான் தூக்கியிருக்கிறதா, வலதா? இருட்டிவிட்டது."

*'ஸ்பைடர்மேன்' டாம் ஹாலந்து சிறுவயதில் பில்லியாக நடித்தவராமே! நீங்கள் அவரைப் பார்த்தீர்களா? என் பேரன் கேட்கச் சொன்னான்.*
— வாசகர், காரைக்குடி

பேரனுக்கு என் அன்பு. நடித்தவர்தான். 2008-இல் முதலில் தோழன் மைக்கேலாக வந்து, அதே ஆண்டு செப்டம்பரில் பில்லியாகி, 2010 மே வரை ஆடினார். அந்த இடைவெளியில் நான் மூன்று முறை போயிருக்கிறேன். உங்கள் கடிதம் வந்ததும் நோட்டைத் தேடி எடுத்தேன். மூன்றும் பாட்டிக்குப் பிந்தியவை.

2009 ஜூலையில் ஒரு பதிவு இருக்கிறது. "பையன். நன்றாகக் குதிக்கிறான். பனியன் தொளதொளவென்று இருக்கிறது." ஸ்பைடர்மேன் என்றால் குதித்துத்தானே இருப்பார் என்று பேரன் சொல்லக்கூடும். எல்லாப் பில்லிகளும் குதிப்பார்கள் என்று அவனிடம் சொல்லிவிடுங்கள்.